வாசகர் கேள்வி – பதில்: செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தங்குவது பற்றி

காரைக்குடி, கானாடுகாத்தான் வட்டாரத்துப் பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள் சில இப்போது தங்குமிடமும் காலை உணவும் தரும் விடுதிகளாக நடந்து வருகின்றன. அவை குறித்து வந்திருக்கும் கடிதங்களுக்கு இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தந்தைக்குத் தை மாதத்தில் சஷ்டியப்தபூர்த்தி. திருக்கடையூரில் சடங்கை முடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் பெற்றோருடன் ஒரு செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு தங்க விரும்புகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. சாதாரண விடுதிக்கும் இதற்கும் என்ன வேறுபாட்டை எதிர்பார்க்கலாம்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்த வீடுகள் விருந்தினருக்கு அறை விடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவுச் சடங்கு), படைப்பு (முன்னோருக்குப் படையலிடுவது) போன்ற குடும்பச் சடங்குகளுக்கு நூற்றுக்கணக்கான உறவினர் ஒரே நேரத்தில் கூடுவதை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. இதை முதலில் தெரிந்துகொண்டு போனால் வீட்டின் மற்ற எல்லா இயல்புகளும் தாமாகவே விளங்கிவிடும்.

தெருவாசலில் திண்ணையும் முகப்பும் இருக்கும். வந்தவர்களோடு ஆண்கள் அமர்ந்து பேசுவதும் கணக்குப் பார்ப்பதும் அங்கே நடந்தன. அதைக் கடந்து, செதுக்கு வேலைப்பாடு நிறைந்த தேக்கு நிலைக்கதவைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் பத்தி, பத்தியை ஒட்டி இரண்டு பக்கமும் சிறு சிறு அறைகள் என்று வளவு அமைந்திருக்கும். அதற்குப் பின்னால் பந்தி பரிமாறும் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும். பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்போது முன்வாசலில் நிற்பவர் பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள்தான் பலருக்கு ஏமாற்றத்தைத் தருகின்றன. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அந்த அறைகளில் சீர்ப் பாத்திரங்களும் பெட்டகங்களும் நகைகளும் இருந்தன. சன்னல் சிறியதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. அந்தக் காலத்தில் மனிதர்கள் பெரும்பாலும் பத்தியிலும் முகப்பிலும் மாடிக் கூடங்களிலும்தான் புழங்கினார்கள், உறங்கினார்கள். ஆகவே இன்று விடுதி நடத்துபவர்கள் பொதுவாக மாடி அறைகளையோ, பின்கட்டில் மாற்றி அமைத்த அறைகளையோதான் தருகிறார்கள். காற்றும் வெளிச்சமும் மாடியில் நன்றாக இருக்கும். ஆனால் மாடிப்படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், மின்தூக்கி இருக்காது. தரைத்தளத்திலும் ஒவ்வொரு வாசலுக்கும் உயரமான நிலைப்படி உண்டு.

எனவே பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் பேசி, தரைத்தள அறை கிடைக்குமா, குளியலறை அறையோடு சேர்ந்திருக்கிறதா, கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி ஏற வேண்டும், இரவில் வழியில் விளக்கு எரியுமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால், அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி ஒன்றை, வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று தனியாக எடுத்துச் செல்வது நல்லது. அதிகாலையில் முற்றம் தெளிக்கும் சத்தமும் பாத்திரச் சத்தமும் பத்தி முழுவதும் கேட்கும். என்னைக் கேட்டால், தங்குவதன் பெரும் பயனே அந்த விடியற்கால நேரம்தான். ஆனால் அப்பாவுக்கு உறக்கம் லேசானது என்றால் முற்றத்திலிருந்து தள்ளியிருக்கும் அறையைக் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது மே மாதத்தில்தான். இந்த வீடுகள் கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பாதி உண்மை. கனமான செங்கல் சுவர், அதன்மேல் பல அடுக்காகப் பூசிய சுண்ணாம்பு, மேலே ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிய நாட்டு ஓடு ஆகிய மூன்றும் வெயிலின் சூடு உள்ளே இறங்குவதை மணிக்கணக்கில் தாமதப்படுத்துகின்றன. சூடேறிய காற்று முற்றத்தின் வழியாக மேலே போய்விடுவதால், பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவிலிருந்து வளவுக்குள் நுழைபவர் வேறுபாட்டை உடனே உணர்வார்.

சுவரின் பளபளப்பைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். சுண்ணாம்பை மிக நைசாக அரைத்து, கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். நூறு ஆண்டு கழிந்தும் கை வைத்தால் சலவைக்கல்லைத் தொட்டது போல் குளிர்ந்திருக்கிற சுவர்கள் இன்னும் உள்ளன. அவற்றில் ஆணி அடிக்கவோ ஒட்டுநாடா ஒட்டவோ குழந்தைகளை அனுமதிக்காதீர்கள். பெயர்ந்தால் அதே போலப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு.

ஆனால் சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையின் மே மாத வெயிலை எந்தச் சுவரும் முழுவதுமாகத் தடுத்துவிடாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் வெளியே விடுவதால், மாடி அறைகளில் நடுநிசி வரை புழுக்கம் இருக்கும். விடுதிகள் பெரும்பாலானவற்றில் இப்போது குளிர்சாதன வசதி உண்டு; மே மாதம்தான் போக முடியும் என்றால் அதைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. உங்களால் மாதத்தை மாற்றிக்கொள்ள முடியுமானால் ஐப்பசி, கார்த்திகையைச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது நான்கு பக்கத்துக் கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்குவதையும், அது அண்டாக்களில் பிடிக்கப்படுவதையும், மிச்சம் வடிகால் வழியாக வெளியேறுவதையும் பார்த்தால்தான் இந்த வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்பது புரியும். இந்த வட்டாரத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஓட்டுக் கூரையும் முற்றமும் ஊருணியும் சேர்ந்துதான் குடிநீரைக் காப்பாற்றின.

மார்கழியில் போவதாக இருந்தால் பிள்ளையார் நோன்பு எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் குடும்பத்தார் அப்போது வீடு திரும்புவதுண்டு. அந்த நாட்களில் சில வீடுகளில் விருந்தினருக்கு அறை கிடைக்காது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: “செட்டிநாட்டுப் பாரம்பரிய இல்லம்” என்று விளம்பரம் செய்யும் எல்லாமே உண்மையில் பழைய வீடுகள்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் விலைக்கு வாங்கிப் புதிய சிமெண்டுக் கட்டடத்தில் பொருத்தி, அதையே பாரம்பரிய இல்லம் என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கட்டுவது குற்றமல்ல. பழைய வீடு என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் தவறு.

எளிய வழி, அது யாருடைய வீடு என்று கேட்பது. நகரத்தார் வீடுகள் குடும்பத்தின் விலாச எழுத்துகளால், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால், ஊரில் அறியப்படுகின்றன. உண்மையான பழைய வீடு என்றால், எந்தக் குடும்பம், எந்தக் காலத்தில் கட்டியது, இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்வார்கள். பெரும்பாலும் நீங்கள் கேட்டதைவிட அதிகமாகவே சொல்வார்கள்.

பலரும் அறிந்த சில உதாரணங்களைக் கூறலாம். காரைக்குடியில் உள்ள ‘தி பங்களா’ ஒரு குடும்பத்தின் விருந்தினர் மாளிகையாக இருந்து 1999இல் விடுதியானது. இந்த வட்டாரத்தில் இவ்வகை முயற்சிக்கு அது முன்னோடி. கானாடுகாத்தானில் உள்ள ‘விசாலம்’ ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய வீடு. ஆண்மக்களின் பங்கையே நடுவில் வைத்து வீடுகள் எழுந்த சமூகத்தில் இது அரிய செய்தி. திருமயத்துக்கு அருகில் கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீரமைத்த ‘சாரதா விலாஸ்’ ஆகியவையும் பழைய வீடுகளே. இவற்றுள் சில, நட்சத்திர விடுதிக்குரிய கட்டணமும் நீச்சல் குளமும் கொண்டவை. குடும்பத்தாரே ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு நான்கைந்து அறைகளை மட்டும் விடுகிற சிறிய வீடுகளும் உண்டு. இரண்டுக்கும் கட்டணத்திலும் அனுபவத்திலும் பெரிய வேறுபாடு இருக்கும். பேசிப் பழகும் விருப்பமுள்ளவர்களுக்கு நான் பின்னதைத்தான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: காலை உணவு என்று என்ன தருவார்கள்? நாங்கள் சைவம். செட்டிநாடு என்றாலே கோழிதான் என்று என் கணவர் சொல்கிறார்.
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் கணவர் சொல்வது உணவகப் பலகைகளின் செட்டிநாடு. நகரத்தாரின் விசேஷப் பந்திகள் இன்றும் சைவமே. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், இட்லியோ இடியாப்பமோ, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்க் கோசமல்லியும், இனிப்புக்குக் கந்தரப்பமோ கவுனி அரிசியோ கிடைத்தால் அந்த வீட்டுச் சமையல்காரர் வட்டாரத்து முறை அறிந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம். கருநிறக் கவுனி அரிசி பர்மாவிலிருந்து இவர்களோடு வந்து சேர்ந்த உணவு. வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தருவார்கள்.

கவுனியை ஊறவைக்க வேண்டும். பணியார மாவை ஆட்டி வைக்க வேண்டும். ஆகவே முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். காலையில் எழுந்து கேட்டால் ரொட்டியும் வெண்ணெயும்தான் கிடைக்கும். கட்டணத்தில் காலை உணவு மட்டும் சேர்ந்திருப்பதே வழக்கம். மதிய இலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லித் தனியாகப் பணம் தர வேண்டும். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதமும், அதற்கு மேல் என்றால் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: பர்மாவில் உழவர்களிடம் வட்டி வாங்கிச் சேர்த்த பணத்தில் எழுந்த மாளிகைகள் இவை. அங்கே பணம் கொடுத்துத் தங்கி அவற்றைக் கொண்டாடுவது சரியா?
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கடினமான கேள்வி, கேட்டதற்கு நன்றி. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி ஆற்றுச் சமவெளியின் காட்டை அழித்து வயலாக்கிய உழவர்களுக்கு ஆங்கிலேய வங்கிகள் கடன் தரவில்லை, செட்டியார்கள் தந்தார்கள். அந்த முதல் இல்லாமல் அந்த வயல்கள் உருவாகியிரா. பிறகு 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவர்களுக்குப் போயிற்று. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1937இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. வயலை இழந்த பர்மிய உழவரின் கோபம் நியாயமானது. அதே சமயம், வாங்கிய நிலத்தை விற்றுப் பணமாக்க முடியாமல் சிக்கிக்கொண்டவர்களின் நிலையும் உண்மையானது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது எத்தனையோ தமிழர்கள், முதலாளிகளும் கணக்கப்பிள்ளைகளும் கூலித்தொழிலாளர்களுமாக, கால்நடையாகக் காடு கடந்து திரும்பினார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கியது. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பூட்டுத் தொங்கத் தொடங்கியதன் காரணம் இதுதான்.

தங்குவதால் இந்த வரலாற்றை யாரும் கொண்டாடுவதாக ஆகாது. மறைத்துவிட்டுத் தங்கினால்தான் தவறு. தேக்குத் தூணைக் காட்டி “பர்மா தேக்கு” என்று பெருமையோடு சொல்லும் வழிகாட்டியிடம், அந்தத் தேக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். நல்ல விடுதிகளில் இதற்கு நேர்மையான பதில் கிடைக்கிறது. இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களும் தச்சர்களும் சுண்ணாம்பு அரைத்த பெண்களும் இந்த மண்ணின் மக்கள். அவர்களின் கைவேலை அழியாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுக்கு இன்றைக்குப் பதினான்கு பங்காளிகள். சிலர் இடித்துத் தூண்களை விற்றுவிடலாம் என்கிறார்கள். நானும் என் சித்தப்பா மகனும் விடுதியாக்கலாம் என்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: கூரையிலிருந்து தொடங்குங்கள். விடுதியாக்குவதா வேண்டாமா என்ற பேச்சு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம்; அதற்குள் மழை காத்திருக்காது. ஓர் ஓடு விலகினால் தண்ணீர் இறங்கும், ஓட்டைத் தாங்கும் கைமரம் நனையும், நனைந்த மரத்தைக் கறையான் பிடிக்கும், கைமரம் இறங்கினால் சுவரின் தலை திறந்துகொள்ளும், அதன்பின் இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஒரு கட்டு முழுவதும் சரிந்துவிடும். செட்டிநாட்டில் விழுந்து கிடக்கும் வீடுகள் பலவும் இந்த வரிசையில்தான் விழுந்திருக்கின்றன. ஆகவே எல்லாப் பங்காளிகளிடமும் முதலில் ஓடு மாற்றும் செலவுக்கு மட்டும் ஒப்புதல் வாங்குங்கள். சிறிய செலவில் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்தபின் பெரிய பேச்சு எளிதாகும்.

அடுத்தது எழுத்து. பாகம் பிரிக்காத சொத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட குத்தகை மற்றவர்களின் பங்கைக் கட்டுப்படுத்தாது. எந்தப் பங்குதாரரும் எப்போது வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம். ஆகவே பதினான்கு பேரும், அவர்களில் காலமானவர்கள் இருந்தால் அவர்களின் வாரிசுகளும், ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாக இருந்தால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வருமானம் எப்படிப் பங்கிடப்படும், பராமரிப்புக்கு முதலில் எவ்வளவு எடுத்து வைக்கப்படும், சாமி அறையும் படைப்புக்குரிய இடமும் குத்தகைக்கு வெளியே இருக்குமா, குடும்ப விசேஷத்துக்கு எத்தனை நாள் வீடு திரும்பக் கிடைக்கும் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பணப் பங்கீட்டைவிட இந்தக் கடைசி இரண்டில்தான் மனத்தாங்கல் வருகிறது. சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் இதை ஒப்படையுங்கள்.

மூன்றாவது தண்ணீர்க் குழாய். பழைய வீட்டை விடுதியாக்கும்போது வரும் சேதத்தில் பெரும்பகுதி குளியலறைகளால் வருகிறது. மரச்சட்டத்தின்மேல் நிற்கும் மாடித்தளத்தில் குளியலறை கட்டினால், கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்று போதும், கீழே உள்ள கூரை ஓவியமும் சட்டமும் போய்விடும். கூடியவரை பின்கட்டிலும், பிற்காலத்தில் சேர்த்த பகுதிகளிலும் குளியலறைகளை அமையுங்கள். குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே கண்ணில் படும்படி கொண்டு செல்லுங்கள். அழகு சற்றுக் குறைந்தாலும் கசிவு அன்றே தெரியும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூச யாரையும் அனுமதிக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவைப்பதால் சில ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பூச்சு செதில் செதிலாக உதிரும். பழைய மின்கம்பிகளை மிச்சமின்றி மாற்றிவிடுங்கள். இத்தனை மரம் உள்ள வீட்டில் இந்த ஒரு செலவில் சிக்கனம் கூடவே கூடாது.

அரசுப் பக்கத்தில் உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பங்காளிகளில் ஒரு குடும்பமாவது அந்த வீட்டிலேயே குடியிருந்து ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகளுக்கு மிகாமல் விடுவதாக இருந்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில் வெள்ளி அல்லது தங்கப் பிரிவுச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய அளவில் நடத்த நினைத்தால் பாரம்பரிய விடுதி என்ற வகை இருக்கிறது. 1950க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு உரியது அது. நான் உங்களை முதல் வழியில் நான்கு அறைகளோடு தொடங்கச் சொல்வேன். வீட்டில் ஆள் இருந்தால் ஓடு விலகியதை அன்றே பார்ப்பார்கள். பெரிய நிறுவனத்துக்கு முப்பது ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டால் கூரை பிழைக்கும், ஆனால் உங்கள் பிள்ளைகள் அந்த வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைய வேண்டியிருக்கும். அதற்கு எல்லாரும் மனமொப்பினால் அதுவும் நல்ல முடிவே; தூண்களை விற்பதைவிட எவ்வளவோ மேல்.

தூண் விற்பனையைப் பற்றி உங்கள் பங்காளிகளிடம் ஒன்று சொல்லுங்கள். தூணையும் கதவையும் பிரித்தெடுக்கும் தரகருக்கு வீட்டில் பாதிக்குமேல் குப்பைதான்: பூச்சு, ஓடு, முற்றம், படி, கிணறு எதற்கும் விலை கிடையாது. கிடைக்கும் பணம் பதினான்கு பங்காகப் பிரிந்தால் என்ன மிஞ்சும் என்பதை அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், மருமகன் அந்நாட்டவர். அவர்களும் எங்களோடு தங்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாக. அவருடைய கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தகவல் தரும் கடமை விடுதிக்காரருக்கு உண்டு. மிகச் சிறிய வீடுகள் சில இதற்குப் பதிவு செய்திருக்காது, முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பிறர் குடும்பம் வாழ்ந்த வீட்டில் நாம் எப்படி நடந்துகொள்வது? என் தங்கையின் கல்யாணத்துக்கு முன் அங்கே நிழற்படங்கள் எடுக்கவும் எண்ணம்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: செருப்பை முகப்பிலேயே விட்டுவிடுங்கள். சாமி அறைக் கதவு மூடியிருந்தால் திறக்காதீர்கள். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பெரியவர்களின் படங்களுக்கு முன் நின்று கைப்பேசியில் பேசுவதும் அவற்றைச் சாய்த்துப் பின்பக்கம் பார்ப்பதும் அந்த வீட்டாருக்கு வருத்தம் தருகின்றன. வயதில் மூத்த ஆச்சி ஒருவர் வீட்டில் இருந்தால் வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். இரண்டு நாளில் கிடைக்கக்கூடிய சிறந்த வழிகாட்டி அவர்தான்.

நிழற்படத்துக்குத் தனிக் கட்டணமும் தனி அனுமதியும் உண்டு. தங்கும் கட்டணத்தில் அது அடங்காது. விளக்குத் தாங்கிகளின் இரும்புக் கால்கள் ஆத்தங்குடிக் கல்லைக் கீறிவிடும் என்பதால் துணி விரித்து வைக்கச் சொல்லுங்கள். வண்ணப்பொடி, புகைக்குண்டு ஆகியவற்றை முற்றத்தில் பயன்படுத்தவே வேண்டாம்; சுண்ணாம்புப் பூச்சில் ஏறிய சாயத்தை எதைக்கொண்டும் எடுக்க முடியாது.

கேள்வி: இரண்டு இரவுக்குக் காரைக்குடியில் தங்குவது நல்லதா, கானாடுகாத்தானிலா? சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்குக் காரைக்குடி வசதி. சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு ரயில் இரவில் காரைக்குடி வந்து சேரும். சொந்தக் காரில் வருபவர்களுக்கு நான் கானாடுகாத்தானைச் சொல்வேன்: தெருக்கள் அகலமாகவும் நேராகவும் இருக்கின்றன, பெரிய வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன, காலையிலும் மாலையிலும் நடந்தே பார்க்கலாம். ஊருக்குரிய செட்டிநாடு ரயில் நிலையத்தில் எல்லா ரயில்களும் நிற்பதில்லை. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர் பயணம்.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் காலையில் ஆத்தங்குடிக்குப் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தொட்டித் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போடுவதை அங்குள்ள பட்டறைகளில் பார்க்கலாம். கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் வழவழப்பாகிறது, அதற்கென்று தனியாக மெருகு போடுவதில்லை. மதியம் விடுதிக்குத் திரும்பி இலைச் சாப்பாடு சாப்பிட்டு, வெயில் தணிந்தபின் திருமயம் போகலாம். சேதுபதிகள் கட்டிய கோட்டையும், அதன் அடிவாரப் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கின்றன. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால் நான்கு மணிக்கு மேல் போவது சரியாக இருக்கும். பிள்ளையார்பட்டியையும் குன்றக்குடியையும் மறுநாள் ஊர் திரும்பும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சதுர்த்தி, கிருத்திகை நாட்களில் கூட்டம் மிகும் என்பதால் அந்த நாட்களில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. காலை உணவை அதற்கேற்ப முன்னதாகத் தயார் செய்யும்படி முந்தின இரவே சொல்லிவிட்டால், கட்டிக்கொடுக்கும் வீடுகளும் உண்டு.